இல்லாமற்போன இடைப்படி

கடலூர்த் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் இடத்துக்கருகே, புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் கிடக்கின்றன. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய கோட்டை அது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை இருந்த ஊர்களும் அந்தக் கிரயத்தில் சேர்த்தி. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாக இருந்ததும் இக்கோட்டைதான். அதே தேவனாம்பட்டினத்தில்தான் 1964இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரி, இன்றைய பெரியார் கலைக் கல்லூரி, இருக்கிறது. ஆங்கிலம் இத்தனை முன்னதாக வந்திறங்கிய கரையோரத்தில், நம் பிள்ளைகள் ஆங்கிலத் தாள் என்றதும் இன்றும் முகம் வாடுவது ஏன்? தமிழாசிரியனாகிய எனக்கு இக்கேள்வியில் என்ன வேலை என்று கேட்கலாம். பிள்ளைகள் அந்த வாட்டத்தோடுதான் அடுத்த மணிநேரம் என் வகுப்புக்கு வருகிறார்கள்.

பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே ஒரு படி இருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவான பின், மெட்ரிகுலேஷன் தேறியவர்கள் எப்.ஏ. என்ற ஈராண்டுப் படிப்பை முடித்தே பி.ஏ.வுக்குப் போக முடியும். எப்.ஏ. வரை மட்டுமே நடத்திய நிறுவனங்களை இரண்டாம் தரக் கல்லூரிகள் என்றார்கள். தரம் என்பது இங்கே வகுப்பைக் குறித்ததேயன்றி இழிவைக் குறித்ததன்று. சிற்றூரில் இருந்தவன் வீட்டுக்கருகே ஈராண்டு படித்துவிட்டுப் பெருநகரக் கல்லூரிக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு அது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் யோசனையால் ஜோலியட் நகரில் 1901இல் ஜூனியர் கல்லூரி தொடங்கி, பின்னாளில் அவை சமுதாயக் கல்லூரிகளாய் வளர்ந்து, 1960இல் கலிபோர்னியா அதையே தன் உயர்கல்வித் திட்டத்தின் ஓர் அடுக்காக்கியதைப் புதுமையாகப் பேசுகிறோம். அதற்கு முன்பே நம்மிடம் அந்த ஏணி இருந்தது.

அந்த ஏணி எல்லாரையும் ஏற்றிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்.ஏ.யில் சறுக்கியவர்களில் நாடறிந்தவர் கணிதமேதை இராமானுஜன். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் முயன்று, 1907இல் மறுபடியும் எப்.ஏ. தேறவில்லை. 1910இல் வேலை தேடி அவர் வந்து நின்ற இடம், அன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவலூர். அங்கே துணைக் கலெக்டராயிருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர், இப்படிப்பட்டவனைத் தாலுகா அலுவலகக் குமாஸ்தாவாக்கி வீணடிக்கலாகாது என்று எண்ணிச் சென்னை நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். நம் மாவட்டம் செய்த நற்காரியங்களுள் இதற்கு முதலிடம் தருவேன். படி என்பது சில சமயம் தடையுமாகும். என்றாலும் தடையாயிருந்தது என்பதற்காகப் படியையே பெயர்த்தெடுப்பது வேறு காரியம்.

1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின்வந்த சீர்திருத்தங்களில் எப்.ஏ. மறைந்து இண்டர்மீடியட் வந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அங்கும் இண்டர்மீடியட் வகுப்புகள் இருந்தன. அந்த வளாகத்தின் கோலமே அலாதி. 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர், ஆங்கிலக் கல்வியின் வாசலை மிதிக்காதவர். 1935இல் துணைவேந்தராக வந்தவர் சீனிவாச சாஸ்திரியார், ஆங்கிலேயரே வியந்த ஆங்கில நாவலர். அன்று பகுதி ஒன்று ஆங்கிலம், பகுதி இரண்டில்தான் தமிழ். இன்று அது தலைகீழ். இந்த மாற்றத்தில் எனக்கு மகிழ்ச்சியே.

1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் தாய்மொழிக்கு மாறத் தொடங்கியபோதுதான் இண்டர்மீடியட்டின் மெய்யான பயன் கூடியது. வரலாற்றையும் அறிவியலையும் தமிழில் கற்றுவந்த பையன், அவற்றையே ஆங்கிலத்தில் கேட்டுப் பழக ஈராண்டு கிடைத்தது. ஏட்டில் அதை யாரும் மொழிப்பாலம் என்று எழுதவில்லை. அதுவே பின்னால் வினையாயிற்று.

ஏனெனில் பின்வந்த குழுக்கள் எண்ணிப் பார்த்தவை ஆண்டுகளையே. கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த சாட்லர் குழு (1917–19) இண்டர்மீடியட்டைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனிக் கல்லூரிகளாக்கச் சொன்னது. இராதாகிருஷ்ணன் குழுவும் (1948–49) அத்தகைய கல்லூரிகள் பெருகவேண்டும் என்றது. ஆனால் சென்னைத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53), இண்டர்மீடியட்டை நீக்கி அதன் ஓராண்டைப் பள்ளிக்கும் மற்றோராண்டைப் பட்டப்படிப்புக்கும் பகிரச் சொல்லிற்று. 1956 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூவாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. முன்பும் நான்காண்டு, பின்பும் நான்காண்டு. கணக்கு நேர்தான். பாலத்தின் நீளம் மட்டும் பாதியாயிற்று.

அந்தப் பாதிப் பாலத்தில் நடந்தவர் என் சித்தப்பா. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து 1970இல் கடலூரில் பி.யூ.சி. சேர்ந்து, அடுத்த ஆண்டு சிதம்பரத்தில் பி.ஏ.வுக்குப் போனவர். அவருடைய புகுமுக வகுப்பு உரைநடைப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. முதல் பாடத்தில் வரிக்கு வரி பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதியிருக்கிறார். நான்காம் பாடத்தில் பக்கத்துக்கு ஐந்தாறு சொல். கடைசிப் பாடங்களில் ஒன்றுமில்லை. "அவை பாடத்திட்டத்தில் இல்லையோ?" என்று ஒருமுறை சீண்டினேன். "போடா, அதற்குள் பழகிவிட்டது" என்றார்.

சித்தப்பா சிதம்பரத்துக்குப் போவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1968இல் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கை சட்டமன்றத் தீர்மானமாயிற்று. ஆங்கிலம் ஆட்சியில் இருக்கவேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த உயிர் போனது. அந்த ஆங்கிலத்தைக் கிராமத்துப் பிள்ளையிடம் கொண்டுசேர்க்கும் வகுப்போ, பத்தே ஆண்டில், அதற்காக ஒரு குரலும் எழாமல் மறைந்தது. கோத்தாரி குழுவின் (1964–66) பரிந்துரைவழி 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தது. புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் பள்ளிக்குள் போயிற்று.

மேல்நிலைப் பள்ளிகள் கிராமங்கள்வரை வந்ததால் படித்தவர் தொகை பெருகியது. என் வீட்டிலேயே அதனால் பயன்பெற்ற பெண்கள் உண்டு. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு பயின்றவர்க்குக் கல்லூரியின் முதல் நாளே ஆங்கில விரிவுரை. நான் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். இளங்கலையில் வேறு பாடம் எடுத்துப் பதினெட்டு நாளில் தமிழுக்கு மாற்றிக்கொண்டேன். தமிழ்மேல் இருந்த காதல் என்று பிறரிடம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை.

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பின்னர் நம் பக்கத்துக்கே வந்தது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டு சென்னையில் மற்றொன்று. தமிழ்நாட்டில் அவ்வழி பரவியவை பெரும்பாலும் கைத்தொழிலும் வேலைத்திறனும் தந்த பட்டயப் படிப்புகள். வேலையற்றிருந்த பலருக்கு வேலை கிடைத்தது, நல்லதே. ஆனால் அங்கிருந்து பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கோ மூன்றாம் ஆண்டுக்கோ மாறிச் செல்லும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அமெரிக்காவிலிருந்து பெயர் வந்தது, படிக்கட்டு வரவில்லை.

2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் பொறுப்புக்கு வந்தது. சில ஆண்டுகளில் கடலூர் மாவட்டக் கல்லூரிகளும் அதனோடு இணைக்கப்பட்டன. சித்தப்பா ரயிலேறிப் போய்ப் பெற்ற பட்டத்தை இன்று கடலூரில் இருந்தபடியே பெறலாம். சென்ற பருவத்தின் கடைசி வாரத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தி மேசைமேல் விட்டுப்போன பகுதி இரண்டு ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆங்கிலச் சொற்களின் தலைமேல் அவற்றின் ஒலிப்பைத் தமிழெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். கடைசிப் பாடத்திலும், முதல் பாடத்தில் இருந்த அதே நெருக்கத்தில்.