துண்டு போட்ட சீட்டும் காசு கொடுத்த சீட்டும்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல திருவிழா நேரத்து கூட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பஸ் உள்ள நுழையும்போதே ஜன்னல் வழியா துண்டு பறக்கும், கைக்குட்டை பறக்கும், பை பறக்கும். ஒண்ணும் கைவசம் இல்லேன்னா குழந்தையையே ஜன்னல் வழியா உள்ள இறக்கி விட்டுடுவாங்க. அது போய் மூணு பேர் சீட்டுல படுத்துக்கிட்டு "ஆள் வருது, ஆள் வருது"ன்னு கத்தும் :)

பஸ்ஸுல குழந்தைதான் அம்மாவுக்கு சீட்டு பிடிச்சுக் கொடுக்குது. விமானத்துல கதை தலைகீழ். சொந்தக் குழந்தைக்குப் பக்கத்துல உட்கார அம்மா தனியா காசு கட்டி சீட்டு பிடிக்க வேண்டிய நிலைமை வந்துச்சு. அது எப்படி வந்துச்சு, இப்போ சட்டம் என்ன சொல்லுதுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர்ப்பக்கத்து கதையில இருந்து ஆரம்பிக்கலாம். தலத்தெருவுக்கு தெற்கே கொஞ்ச தூரத்துல இருக்கிற நாகப்பட்டினத்துல இருந்து ஒரு காலத்துல பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போச்சு. அதுல பேர்போனது 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏத்திக்க அனுமதி வாங்கின கப்பல் அது. டெக் பயணின்னா சீட்டு நம்பர் கிடையாது. பாயை விரிச்சா அதுதான் இடம். அந்தப் பயணம் சொகுசானது இல்லை. ஆனா குழந்தையை அம்மாகிட்ட இருந்து பிரிச்சு வேற மூலையில உட்கார வைக்கிற பேச்சுக்கே அங்க இடமில்லை.

ரயிலுக்கு வருவோம். பெர்த் சிதறிப் போறது அங்கேயும் உண்டு. "சார், குழந்தை இருக்கு, லோயர் பெர்த் கொஞ்சம் மாத்திக்கலாமா?"ங்கிற வசனம் இல்லாம எந்த ராத்திரி வண்டியாவது கிளம்பியிருக்கா? பெரும்பாலும் மாத்திக்குவாங்க. காரணம் நம்ம ஜனங்களோட நல்ல மனசு மட்டும் இல்லை. ஸ்லீப்பர்ல லோயருக்கும் அப்பருக்கும் ஒரே கட்டணம். மாத்திக்கிறவருக்குப் பண நஷ்டம் கிடையாது. இந்த விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ விமானம். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960-களில் கொண்டு வந்த சேபர் தான் கம்ப்யூட்டர் முன்பதிவுக்கு முன்னோடி. அதுக்கு அப்புறமும் பல ஊர்ல சீட்டு நம்பர் கவுன்டர்லதான் முடிவாச்சு. விமானத்தோட படம் போட்ட அட்டையில சீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஊழியர் அதை உரிச்சு போர்டிங் பாஸ்ல ஒட்டுவார். கைக்குழந்தையோட ஒரு அம்மா வந்து நின்னா, பக்கத்து பக்கத்து ஸ்டிக்கரா பார்த்து உரிக்கிறதுக்கு எந்த விதியும் தேவைப்படல.

நம்பரே இல்லாம ஓட்டினவங்களும் உண்டு. அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் 1971-லிருந்து 2026 ஜனவரி வரைக்கும் அப்படித்தான் ஓட்டினாங்க. ஆறு வயசு வரைக்குமான குழந்தையோட வர்றவங்களை முதல் கும்பலுக்கு அடுத்தபடியா ஏத்தி விடுவாங்க. இந்தியாவுல கேப்டன் கோபிநாத் 2003-ல் ஆரம்பிச்ச ஏர் டெக்கானும் (ஆமாங்க, 'சூரரைப் போற்று' படத்துக்கு மூலக்கதையேதான்) முதல்ல ஃப்ரீ சீட்டிங்தான். கிட்டத்தட்ட நம்ம பஸ் ஸ்டாண்டு, துண்டு மட்டும்தான் மிஸ்ஸிங்.

திருப்புமுனை 2008. அந்த ஜூலையில கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலரைத் தொட்டுச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மே மாசம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் அறிவிச்சாங்க. டிக்கெட் விலையைக் குறைவா காட்டிட்டு, பெட்டி, சாப்பாடு, சீட்டுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சு விக்கிற பழக்கம் வேகமா பரவுச்சு. இந்தியாவுல 2013 ஏப்ரல்ல, விருப்பப்பட்ட சீட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்துச்சு. 2018 நவம்பர்ல இண்டிகோ, வெப் செக்-இன்ல எல்லா சீட்டுக்கும் காசுன்னு அறிவிச்சப்போ பெரிய கூச்சலாகி, இது விதிக்கு உட்பட்டதான்னு பார்க்கிறோம்னு விமானப் போக்குவரத்து அமைச்சகமே சொல்ல வேண்டியதாச்சு.

சண்டை ஆரம்பிச்சது இங்கதான். ரயில்ல சொன்னேனே, அந்தக் கணக்கு விமானத்துல செல்லாது. ஜன்னலுக்குன்னு காசு கட்டினவரை எழுப்பி, பின்னாடி வரிசையில நடு சீட்டுக்குப் போகச் சொன்னா அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். தனியா உட்கார்ந்து அழுற நாலு வயசுக் குழந்தையை விட்டுட்டு அம்மாவாலயும் சும்மா இருக்க முடியாது. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு இருப்பாங்க, பிரச்சனையை உண்டாக்கின கம்பெனி நடுவுல இருக்காது. பாவம், ஏர்ஹோஸ்டஸ் வந்து பஞ்சாயத்து பண்ணணும்.

"கம்ப்யூட்டர் தானா ஒதுக்குது, நாங்க என்ன பண்றது?"ன்னு கவுன்டர்ல சொல்லுவாங்க. மென்பொருள் எழுதி சம்பளம் வாங்குறவன்ங்கிற முறையில எனக்கு இதுலதான் எரிச்சல். குழந்தை டிக்கெட்டுன்னு தனி வகையே இருக்கு. யார் யார் ஒண்ணா போறாங்கன்னு பிஎன்ஆர் சொல்லுது. குழந்தை இருக்கிற பிஎன்ஆர்களை முதல்ல உட்கார வச்சுட்டு மத்தவங்களை நிரப்புன்னு எழுதுறது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்யும். அதுக்கு சொல்லல, அவ்வளவுதான்.

2017-ல் பிபிசி வாட்ச்டாக் நிகழ்ச்சி ஒரு சோதனை பண்ணுச்சு. நாலு நாலு பேரா ரயன்ஏர் விமானங்கள்ல அனுப்பினாங்க, சீட்டுக்குக் காசு கட்டாம. எல்லாருக்கும் நடு சீட்டு! தற்செயலா இப்படி அமைய 54 கோடியில் ஒரு வாய்ப்புதான்னு ஆக்ஸ்போர்டு புள்ளியியல் ஆய்வாளர் கணக்கு போட்டுச் சொன்னார். எங்க முறை தற்செயலானதுதான், மத்தவங்க ஜன்னலையும் ஓர சீட்டையும் காசு கொடுத்து எடுத்துட்டாங்கன்னு கம்பெனி பதில் சொல்லுச்சு. குழந்தைகள் விஷயத்துல அதே ரயன்ஏர் 2016-லேயே தனி விதி வச்சிருந்தாங்க. 12 வயசுக்குக் கீழ குழந்தைகளோட வர்ற பெரியவர் ஒருத்தர் கட்டாயம் சீட்டுக்குக் காசு கட்டணும், குழந்தைகளுக்கு இலவசம். ஆக, சேர்த்து உட்கார வைக்க வழி இருக்கு. யார் காசு கொடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

அரசாங்கங்கள் தாமதமாத்தான் விழிச்சாங்க. இதுல கனடா விதி எனக்குப் பிடிச்சது. 2019 டிசம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு. 5 வயசுக்குக் கீழன்னா பெற்றோருக்கு ஒட்டின சீட்டு. 5 முதல் 11 வரைன்னா அதே வரிசை, நடுவுல ஒரு சீட்டுக்கு மேல இடைவெளி கூடாது. 12, 13 வயசுன்னா ஒரு வரிசைக்கு மேல தள்ளக் கூடாது. கூடுதல் கட்டணமும் கிடையாது. அமெரிக்காவுல 2016-லேயே நாடாளுமன்றம் இதைப் பரிசீலிக்கச் சொல்லிச்சு, ஆனா வரைவு விதி வர 2024 ஆகஸ்ட் ஆயிடுச்சு.

நம்ம டிஜிசிஏ 2024 ஏப்ரல்ல உத்தரவு போட்டுச்சு. 12 வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆர்ல வர்ற அப்பா, அம்மா அல்லது பாதுகாவலர்ல ஒருத்தர் பக்கத்துலயாவது சீட்டு ஒதுக்கணும். அப்படி ஒதுக்கினதுக்குப் பதிவும் வச்சிருக்கணும். நல்ல விதி. ஆனா அதுல "அதே பிஎன்ஆர்"னு ரெண்டு வார்த்தை இருக்கு பாருங்க, நம்ம ஊர்க்காரங்களுக்கு அங்கதான் சிக்கல்.

எங்க தலத்தெரு பக்கம் பாதி வீட்டுல யாராவது பிரான்ஸ்லயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க. பேரனைக் கூட்டிக்கிட்டுப் போற ஆயாவுக்கு பாரிஸ்ல இருக்கிற மகன் டிக்கெட் போடுவார். பேரனுக்கு இங்க மாமா ஒரு ஏஜென்டு மூலமா போடுவார். ஒரே விமானம், ஆனா ரெண்டு பிஎன்ஆர். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆயாவும் பேரனும் முன்பின் தெரியாதவங்க. இன்னொரு வேடிக்கையும் இருக்கு. அதே வயசுப் பையனைத் தனியா அனுப்பினா, பார்த்துக்க ஆள் போடணும்னு பல கம்பெனிகள் தனிக் கட்டணம் வாங்குறாங்க. ஆயாகிட்ட இருந்து பத்து வரிசை தள்ளி உட்கார வச்சா மட்டும் அவன் தனியா இல்லையாம்!

இது வெறும் அழுகை, அடம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அழுத்தம் குறைஞ்சு ஆக்சிஜன் மாஸ்க் கீழ இறங்கினா, பெரியவங்க முதல்ல தங்களுக்கு மாட்டிட்டு அப்புறம் குழந்தைக்கு மாட்டணும்னு சொல்லித் தர்றாங்க. பக்கத்துல இல்லாத குழந்தைக்கு யார் மாட்டுறது? அவசரமா வெளியேறணும்னா எந்த அம்மாவும் குழந்தையை விட்டுட்டு முன்வாசலுக்கு ஓட மாட்டா. கூட்டத்தை எதிர்த்து பின்னாடிதான் வருவா. அப்போ பாதிக்கப்படுறது அந்த விமானத்துல இருக்கிற அத்தனை பேரும்.

அதனால டிக்கெட் போடும்போது குழந்தையையும் கூடப் போற பெரியவரையும் ஒரே பிஎன்ஆர்ல போடுங்க. குழந்தையோட பிறந்த தேதியைச் சரியா கொடுங்க. ஒதுக்கினது தள்ளித் தள்ளி இருந்தா கவுன்டர்லயே 2024 உத்தரவைச் சொல்லிக் கேளுங்க. உள்ள போய் உட்கார்ந்த அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரோட மல்லுக்கட்டுறதுல பிரயோஜனம் இல்லை, அவரும் காசு கட்டித்தான் வந்திருக்கார். வெளிநாட்டுல இருந்து அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடுற அண்ணன்மார்கள், பேரப்பிள்ளை டிக்கெட்டையும் சேர்த்தே நீங்களே போட்டுடுங்க. காசை அப்புறம் மச்சானோட கணக்கு பார்த்துக்கலாம்.