காலை 10 மணி நெரிசலில் சர்வர்கள் திணறுவது ஏன்? ‘இணைப்புத் தொகுப்பு’ செயல்படும் விதம்

ரயில்களில் குளிர்சாதன வகுப்புகளுக்கான தட்கல் முன்பதிவு காலை 10 மணிக்கும், பிற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களைப் போலவே, அந்தச் சில நிமிடங்களில் ஏராளமானோர் ஒரே நேரத்தில் ஒரே தளத்தை நாடுகின்றனர். இத்தகைய நேரங்களில் எந்தச் செயலியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலும், பயனரின் சந்தேகம் முதலில் கைப்பேசியின் இணைய வேகத்தின் மீதே விழுகிறது. ஆனால் தாமதம், சர்வருக்கும் அதன் பின்னால் உள்ள தரவுத்தளத்துக்கும் இடையிலும் ஏற்படக்கூடும்.

இரு கணினிகள் தகவல் பரிமாறத் தொடங்கும் முன், டிசிபி நெறிமுறையின்படி மூன்று அறிமுகச் செய்திகள் அவற்றுக்கிடையே செல்ல வேண்டும். மறையாக்கம் தேவையெனில், டிஎல்எஸ் 1.2 முறையில் மேலும் இரண்டு முறை செய்தி சென்று திரும்பும். மும்பைக்கும் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கும் இடையே ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 200 மில்லிவினாடி என்று கொண்டால், முதல் கேள்வியை அனுப்பும் முன்பே அரை வினாடிக்கு மேல் கழிந்துவிடுகிறது. 2018-இல் வெளியான டிஎல்எஸ் 1.3 இதில் ஒரு பயணத்தைக் குறைத்தது. தரவுத்தளத்துடன் இணையும்போது கடவுச்சொல் சரிபார்ப்பும் சேர்ந்துகொள்ளும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியொரு செயல்முறையைத் தொடங்குவதால், அதன் நினைவகமும் செலவாகிறது.

எனவே, பயன்படுத்தி முடித்த இணைப்பைத் துண்டிக்காமல் சேமித்து வைத்து அடுத்த கோரிக்கைக்கு வழங்குகின்றனர். இதுவே இணைப்புத் தொகுப்பு. இணையப் பக்கங்களிலும் இதே சிந்தனை உண்டு. தொடக்க கால எச்டிடிபி முறையில் பக்கத்திலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் புதிய இணைப்பு தேவைப்பட்டது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1, இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதை இயல்பு நிலையாக்கியது.

சேமிப்பது எளிது, சேமித்தது உயிரோடு இருக்கிறதா என்பதை அறிவதே கடினம். இடையிலுள்ள தீச்சுவர்கள் நெடுநேரம் பேசாத இணைப்புகளை எவ்வித அறிவிப்புமின்றிக் கைவிடுவதுண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பு அமைப்பில், அமைதியாக இருக்கும் இணைப்பின் மீதான முதல் சோதனை 2 மணி நேரத்துக்குப் பிறகே நடைபெறும். அதுவும் மென்பொருள் கேட்டுக்கொண்டால் மட்டுமே. அமேசான் கிளவுடில் கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் ஏஎல்பி சேவை, ஓய்விலுள்ள இணைப்பை இயல்பாக 60 வினாடி வைத்திருக்கும். நோட் ஜேஎஸ் மென்பொருளின் பல பதிப்புகளோ 5 வினாடியிலேயே மூடிவிடும். சர்வர் மூடும் அதே கணத்தில் புதிய கோரிக்கை அந்த இணைப்பில் வந்து சேர்ந்தால், பயனர் காண்பது ‘502’ பிழை. பின்னால் உள்ள சர்வரின் காத்திருப்பு நேரம் முன்னால் உள்ளதைவிடக் கூடுதலாக இருப்பதே இதற்கான தீர்வு.

பக்கம் ஒன்றைப் பார்வையிடும் கோரிக்கை தோற்றால் மீண்டும் அனுப்பிவிடலாம். பணப் பரிவர்த்தனையில் அது ஆபத்து. இணைப்பு அறுந்தது கட்டணம் எடுக்கப்படுவதற்கு முன்பா, பின்பா என்பது அனுப்பிய தரப்புக்குத் தெரியாது; கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே கட்டணம் இருமுறை பிடிக்கப்படலாம். அதனால்தான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் பழைய விடையையே சர்வர் திருப்பி அனுப்பும்படி வடிவமைக்கின்றனர்.

மற்றொரு சிக்கல் ‘கசிவு’. வாங்கிய இணைப்பை, பிழை நேர்ந்த தருணத்தில் நிரல் திருப்பித் தர மறந்துவிடுகிறது. ஜாவா நிரலர்களிடையே பரவலான ஹிகாரிசிபி தொகுப்பில் இயல்பு அளவு 10 இணைப்புகள். பத்து முறை மறந்தால் போதும்: தரவுத்தளம் வேலையின்றி இருந்தாலும் ஒவ்வொரு கோரிக்கையும் 30 வினாடி காத்திருந்து தோற்கும்.

உடனே தொகுப்பின் அளவைப் பெருக்கத் தோன்றுவது இயல்பு. அது பெரும்பாலும் நோயை முற்றச் செய்யும் மருந்து. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பது 100 இணைப்புகளையே. தலா 10 இணைப்பு வைத்திருக்கும் 20 சர்வர்கள் சேர்ந்தாலே 200 ஆகிவிடும். இத்தகைய இடங்களில் பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள்கள் பல கோரிக்கைகளைச் சில இணைப்புகளுக்குள் அடக்குகின்றன. தரவுத்தளக் கணினியிலுள்ள செயலி உள்ளகங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் புழங்கும் தொடக்கக் கணக்கு. 4 உள்ளகங்களும் ஒரு வட்டும் கொண்ட கணினிக்கு 9 இணைப்புகள். கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றினாலும், மிகுதியான இணைப்புகள் ஒரே செயலிக்காகப் போட்டியிடுவதைவிடச் சிறு வரிசையில் காத்திருப்பதே விரைவாக முடிகிறது.

நலமாக இருக்கும் இணைப்புகளுக்கும் ஆயுள் வரம்பு உண்டு. ஹிகாரிசிபியில் அது 30 நிமிடம். எல்லாம் ஒரே நொடியில் காலாவதியாகி, புதிய இணைப்புகளுக்கான நெரிசலை உருவாக்கிவிடாதபடி, ஒவ்வொன்றின் ஆயுளும் சிறிதளவு மாற்றி அமைக்கப்படுகிறது.