ஒரு காலி நாற்காலியும் சில முனைவர் பட்டங்களும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கெடக்கு. காரணம் ஆணி. அதுவும் சாதாரண ஆணி இல்லீங்க, பிஎச்.டி. விண்ணப்ப ஆணி. டிசம்பர் 15-க்குள்ள எஸ்.ஓ.பி. போயாகணும்.

வெளிநாட்டுல இருக்கற தமிழ்க் குடும்பங்கள் சீரியல் பாத்துட்டு என்ன பேசிக்கறாங்க, அந்தப் பேச்சை வெச்சு என்ன முடிவெல்லாம் எடுக்கறாங்க என்பதுதான் நான் செய்ய நினைக்கிற ஆராய்ச்சி. வரைவைப் படிச்ச பேராசிரியர் ஓரத்துல ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: இதைச் சமூகவியல் துறையிலேயே செய்யலாமே, தொடர்பியல் துறை எதுக்கு? அன்னைக்கு ராத்திரி சித்தப்பா போன்ல கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். "ஏம்மா, டிவி பாக்கறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?"

ரெண்டு பேருக்கும் சொல்ல எங்கிட்ட பதில் இல்ல. சரி, இந்தப் பட்டம் முதல்ல எப்படித்தான் வந்துச்சுன்னு நூலகத்துல தோண்ட ஆரம்பிச்சேன். அதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

வில்பர் ஷ்ராம் என்று ஒருத்தர். ஊர்ல விஸ்காம் படிச்சவங்களுக்குத் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் பண்ணின பெயராக ஞாபகம் இருக்கும். ரெண்டு வட்டம் போட்டு அம்புக்குறி விட்டு வரைவோமே, அவரேதான். 1907-ல் ஒஹையோ மாநிலத்துல மரியெட்டாங்கிற ஊர்ல பிறந்தார். சின்ன வயசுல நடந்த டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடுமையான திக்குவாய். பள்ளிக்கூடத்துல முதல் மாணவனாக மேடையேறிப் பேச வேண்டிய நாள்ல, பேசறதுக்குப் பதிலா புல்லாங்குழல் வாசிச்சுட்டு இறங்கினாராம். ஹார்வர்டில் எம்.ஏ. முடிச்சவர் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனதுக்கு ஒரு காரணம், திக்குவாய்க்குச் சிகிச்சை கொடுப்பதில் அந்த இடம் பேர் பெற்றிருந்தது. அங்கே 1932-ல் ஆங்கில இலக்கியத்துல முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு லாங்ஃபெல்லோவின் நெடுங்கவிதை ஒன்றைப் பற்றி. அப்புறம் ஆங்கிலப் பேராசிரியர், சிறுகதை எழுத்தாளர், இன்னைக்கு உலகமே கொண்டாடும் அயோவா எழுத்துப் பட்டறையின் முதல் இயக்குநர். ஊடக ஆராய்ச்சிக்கும் இவருக்கும் அதுவரை ஸ்நானப்ப்ராப்தி கூடக் கிடையாது.

1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர். ஷ்ராம் வாஷிங்டனுக்குப் போய் அரசாங்கத்தோட தகவல் அலுவலகத்துல சேர்ந்துடறார். போருக்கு மக்களைத் தயார் பண்ணணும், வானொலியில என்ன சொன்னா எடுபடும், எதைச் சொன்னா எடுபடாது என்று தெரியணும். உளவியல், சமூகவியல், அரசியல் அறிவியல்னு தனித்தனிக் கூண்டுல இருந்த ஆட்கள் எல்லாம் ஒரே நகரத்துல ஒரே கேள்வியோட அலைஞ்சுக்கிட்டிருந்த காலம் அது.

1943-ல் அயோவாவுக்குத் திரும்பி வர்றார். எழுத்துப் பட்டறை இதுக்குள்ள பால் எங்கிள் கைக்குப் போயாச்சு. இதழியல் பள்ளியின் தலைவரா இருந்த ஃப்ராங்க் லூதர் மாட் முந்தின வருஷம்தான் மிசௌரிக்குப் போயிருந்தார். அந்த நாற்காலி காலி. உட்காரு என்றார்கள், உட்கார்ந்தார். அந்த நாற்காலியில உட்கார்ந்துதான் வெகுஜனத் தொடர்பியல்ங்கிற பேர்ல ஒரு முனைவர் பட்டத் திட்டத்தைப் போடறார்.

இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைன்னு சொல்லக்கூடாது. மிசௌரியில் 1934-லேயே இதழியல்ல ஒருத்தருக்கு முனைவர் பட்டம் கொடுத்திருக்காங்க. விஸ்கான்சின்ல வில்லர்ட் ப்ளேயர் வேற வழி வெச்சிருந்தார். நீ அரசியல் அறிவியல்லயோ சமூகவியல்லயோ பிஎச்.டி. பண்ணு, இதழியலைத் துணைப்பாடமா வெச்சுக்கோ என்று. புத்திசாலித்தனமான வழிதான். அவரிடம் படிச்சவங்க பின்னால பல பல்கலைக்கழகங்கள்ல இதழியல் பள்ளிகளை நடத்தினாங்க. ஆனா பட்டம் அடுத்த வீட்டுக்காரன் பேர்ல.

இப்ப நியூயார்க் பக்கம் போகணும். அங்கேதான் என் சீரியல் சமாச்சாரம் வருது.

பால் லாசர்ஸ்ஃபெல்ட் வியன்னாவுல கணிதத்துல முனைவர் பட்டம் வாங்கினவர். 1933-ல் ராக்கஃபெல்லர் உதவித்தொகையில அமெரிக்கா வந்தவர், ஆஸ்திரியா இருந்த நிலைமையில திரும்பிப் போகல. 1937-ல் ராக்கஃபெல்லர் காசுல நடந்த வானொலி ஆராய்ச்சித் திட்டத்துக்கு இயக்குநர். அது கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1944-ல் பயன்முறைச் சமூக ஆராய்ச்சி நிலையம் என்ற பேர்ல நிலைச்சது. இந்தத் துறையில ஆராய்ச்சின்னா எப்படிச் செய்யணும்னு கத்துக்கொடுத்த இடம்னே சொல்லலாம். (அடோர்னோவும் கொஞ்ச நாள் அந்தத் திட்டத்துல இருந்து சண்டை போட்டுட்டுப் போனார். அது தனிப்பதிவுக்கான மேட்டர்.)

அங்கே இருந்தவர் ஹெர்தா ஹெர்ட்ஸோக். அவரும் வியன்னா, உளவியல்ல முனைவர். படிக்கும்போதே போலியோ வந்து, ஒரு கை சரியா இயங்காம ஆயிட்டுது. பகல் நேர வானொலித் தொடர்களைக் கேட்கிற பெண்களை நேர்ல பார்த்து, ஏன் கேக்கறீங்க, உங்களுக்கு இதுல என்ன கிடைக்குதுன்னு உட்கார்ந்து பேசினார். 1940-களின் தொடக்கத்துல! "பொம்பளைங்க அழுகாச்சி நாடகம்"னு எல்லாரும் ஒதுக்கித் தள்ளின ஒண்ணை, கேட்கிறவங்க தங்களோட வாழ்க்கைக்கு யோசனை எடுத்துக்கற இடமாகவும் பார்த்தார். என் எஸ்.ஓ.பி.யில நான் ஏதோ புதுசாச் சொல்றதா நினைச்சுக்கிட்டிருந்த வாக்கியத்தை ஒரு அம்மா எண்பது வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிருக்காங்க. படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1943-ல் மெக்கான் எரிக்சன் விளம்பர நிறுவனத்துக்குப் போய் அங்கே பெரிய ஆளானார். அவரிடம் முனைவர் பட்டம் படிக்கிற மாணவர்கள் என்று யாரும் சுத்தி இல்லை. கொலம்பியா நிலையத்துலயும் தொடர்பியல்னு ஒரு பட்டம் கிடையாது, அங்கே வேலை செஞ்ச மாணவர்கள் வாங்கிக்கிட்டது பெரும்பாலும் சமூகவியல் பட்டம். பட்டத்தை வாங்கிக்கிட்டு சமூகவியல் துறைகளுக்குப் போனாங்க. நிலையமே 1977-ல் மூடப்பட்டுது.

ஷ்ராம் கதை நேர்மாறு. 1947-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடர்பியல் ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம், அதுல முனைவர் பட்டம். பல்கலைக்கழக அச்சகமும் அவர் பொறுப்புலதான். ஷானனும் வீவரும் எழுதின கணிதத் தொடர்பியல் புத்தகம் 1949-ல் வந்தது அந்த அச்சகத்துலதான். அங்கே படிச்ச டேவிட் பெர்லோ மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1960-ல் எஸ்.எம்.சி.ஆர். மாதிரியை எழுதினார். 1955-ல் ஷ்ராம் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறினார். அங்கேயும் மாணவர்கள், அந்த மாணவர்களுக்கு மாணவர்கள். லாசர்ஸ்ஃபெல்ட் மேலான ஆராய்ச்சியாளர் என்பதுதான் என் எண்ணம். ஆனா சந்ததி ஷ்ராமுக்குத்தான்.

1959-ல் பெர்னார்ட் பெரல்சன், லாசர்ஸ்ஃபெல்டோட சேர்ந்து புத்தகம் எழுதினவர், இந்தத் துறை வாடிப்போய்க்கிட்டிருக்குன்னு ஒரு கட்டுரை எழுதறார். அதே இதழ்ல ஷ்ராம் பதில் சொல்றார். இது ஒரு நாற்சந்தி, பல பேர் வந்து போவாங்க, சில பேர்தான் தங்குவாங்க என்கிற மாதிரி. பெரல்சன் பார்த்தது தன்னோட ஆட்கள் சந்தியை விட்டுக் கிளம்பறதை. ஷ்ராம் அதுக்குள்ள சந்தியில வீடு கட்டி ஆள் குடிவெச்சுட்டார்.

வீடு கட்டக் காசு எங்கிருந்து வந்துச்சு? இங்கேதான் எனக்கு நெருடுது. கொரியப் போர் சமயத்துல ஷ்ராமும் ஜான் ரைலியும் அமெரிக்க விமானப்படைக்காகக் கொரியாவுக்குப் போய் ஆய்வு செஞ்சு, 1951-ல் ஒரு புத்தகமே போட்டாங்க. கம்யூனிஸ்டுகள் சியோலைப் பிடிச்சப்ப என்ன நடந்தது என்பது பற்றி. உளப்போர், பிரசாரம் ஆகியவற்றுக்காக வந்த அரசாங்கப் பணம் இந்தத் துறையை எப்படி வளர்த்தது என்று கிறிஸ்டஃபர் சிம்ப்ஸன் 1994-ல் எழுதின புத்தகத்தை, எங்க துறையில சேர்ற எல்லாரும் முதல் வாரமே படிக்கணும். அடுத்தவன் மனசை எப்படி மாத்தறதுன்னு கேட்டு வளர்ந்த துறையில உட்கார்ந்துக்கிட்டு, அவங்க தங்களுக்குள்ள என்ன பேசிக்கறாங்கன்னு கேக்கப் போறேன். அந்த வேறுபாட்டைத் தெரிஞ்சே செய்யணும்.

நம்ம ஊருக்கும் இந்த ஷ்ராம் வந்திருக்கார். ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பின குழுவோட. அந்த மாதிரிக் குழுக்களோட பரிந்துரைகளுக்குப் பிறகுதான் 1965-ல் டெல்லியில இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் வந்தது. சென்னை வகுப்பறையில நான் அம்புக்குறி வரைஞ்சதோட பூர்வீகம் புரியுதுங்களா?

இங்கிலாந்துல வேற மாதிரி. 1964-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் ஹாகர்ட் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கறார். பெங்குவின் பதிப்பகத்து ஆலன் லேன் காசு கொடுத்தார். பின்னால அதை வளர்த்த ஸ்டூவர்ட் ஹால், ஆக்ஸ்ஃபோர்டுல தொடங்கின முனைவர் ஆய்வைப் பாதியில விட்டவர். அவரிடம் படிச்சவங்க எத்தனையோ பேர் டாக்டர், அவர் டாக்டர் இல்ல :-) 2002-ல் அந்தத் துறையையும் பல்கலைக்கழகமே மூடிடுச்சு.

இதைப் படிச்சுக்கிட்டிருந்தப்ப சட்டுன்னு ஒண்ணு உறைச்சது. அதே பர்மிங்காம்ல, அதே 1960-களின் நடுவுல, நம்ம க. கைலாசபதி இருந்திருக்கார். கொழும்பு தினகரன்ல ஆசிரியரா இருந்து நாளிதழ் நடத்தின மனுஷன். அங்கே போய் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியரிடம் முனைவர் ஆய்வு செஞ்சார். தலைப்பு சங்க வீரயுகப் பாடல்கள், 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு புத்தகமா வெளியிட்டது. எழுத்துக்கு முன்னாடி பாணர் வாயில பாட்டு எப்படிப் புழங்கிச்சு, கேட்கிற கூட்டம் அதை எப்படி வடிவமைச்சது என்பதெல்லாம் அதுல வருது. கேக்கறவங்களைப் பத்தின ஆராய்ச்சிதானே இதுவும்? கா. சிவத்தம்பியும் அதே தாம்சனிடம் படிச்சவர்தான். தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாப் பார்த்து 1981-ல் எழுதினார். எம்.ஜி.ஆர். படங்களைப் பத்தி எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதினது 1992-ல், மதுரை ரசிகர்களைப் பத்தி சாரா டிக்கி எழுதினது 1993-ல். இவங்க ஒருத்தர்கூடத் தொடர்பியல் துறை ஆள் இல்ல.

அப்படின்னா பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். தமிழ் ஊடகம் பத்தி நல்லா எழுதினவங்க எல்லாம் வெளியிலேர்ந்து எழுதியிருக்கும்போது நான் ஏன் உள்ளே போகணும்?

நேத்து ராத்திரி எஸ்.ஓ.பி.யின் முதல் பத்தியை அழிச்சுட்டு ஹெர்ட்ஸோக்ல இருந்து மறுபடி எழுதினேன். அந்த ஆராய்ச்சியைத் தொடர அவரிடம் மாணவர்கள் இல்லை, நான் செய்யறது அந்த விட்ட இடத்துலேர்ந்து, எனக்கப்புறம் தமிழ் சீரியல் பத்தி ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ண வந்தா அவளுக்கு வழிகாட்டி கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கக் கூடாதுன்னு. கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு. பேராசிரியருக்கு அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல.

சித்தப்பாவுக்குப் போன்ல ஷ்ராம் கதையை மட்டும் சொன்னேன். "அப்ப நாற்காலி காலியா இருந்தாத்தான் வேலை கிடைக்கும்னு சொல்றே" என்றார்.

கைலாசபதி தினகரன்ல இருந்த நாட்களைப் பத்தி யாராவது விரிவா எழுதியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.