டி.வி. முதல் செல்போன் வரை: திரையில் வந்த அறிவியல் பாடம்

நம்ம ஊர் தலைநகரமாக இருந்த பெருமை 1795-ம் ஆண்டோடு முடிந்தது. அரண்மனையும் கோட்டை மதிலும் பத்மநாபபுரத்தில் நின்றுவிட்டன. அதிகாரம் திருவனந்தபுரம் போனது. 1866-ல் கல்லூரியும் அங்கேதான் வந்தது. நாகர்கோவிலில் 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வரும்வரை, மேல்படிப்பு என்றால் நம்ம பிள்ளைகள் வெளியூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். படிப்பைத் தேடி நாம் போனது அந்தக் காலம். பாடம் நம்மைத் தேடி வீட்டுக்கு வந்த கதையை இங்கே கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு, இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. சிற்றூர் மாணவனுக்கும் நல்ல பேராசிரியரின் பாடம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பாடம் ஆங்கிலத்தில், டி.வி. செட் இருந்த வீடுகளோ தெருவுக்கு ஒன்றிரண்டு. அந்த நேரத்தில் கரண்ட் போனால் பாடமும் போச்சு.

அடுத்து வந்தது 'என்பிடெல்'. 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம். நான் படித்தபோது அந்த வீடியோக்களைக் கல்லூரிக் கணினியில் பார்ப்போம். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். புரியாத இடத்தில் நிறுத்தி மூன்று தடவை கேட்கலாம். வகுப்பில் வாத்தியாரை மூன்று தடவை சொல்லச் சொன்னால் சும்மா விடுவாரா? 2014-ல் சான்றிதழ்த் தேர்வும் வந்தது. பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம்.

அதுவரை இணையப் பாடம் என்பது விரும்பியவர் பார்ப்பது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடியதும் அது கட்டாயமாகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்கு வீடு உள்ள வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது. வீட்டில் ஒரே போன். அண்ணனுக்கும் வகுப்பு, தங்கைக்கும் வகுப்பு. அம்மா முந்திரி ஆலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். பேச்சிப்பாறை மலைப்பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நடந்தார்கள். தமிழக அரசு 2021 ஜனவரியில், 9,69,047 மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று அறிவித்தது. நல்ல காரியம்தான், ஆனால் அதற்குள் ஒரு செமஸ்டரே முடிந்திருந்தது.

என் அபிப்பிராயம், பிள்ளைகளைப் பிரித்தது திரை அல்ல, மணிக்கணக்கு. காலை பத்து மணிக்கு நேரலையில் இருந்தால்தான் வருகைப் பதிவு என்றபோது, போன் இல்லாதவன் ஆப்சென்ட். அதே பாடத்தைப் பதிவு செய்து கொடுத்திருந்தால் இரவு அண்ணன் தூங்கிய பிறகாவது பார்த்திருப்பான். இன்னொரு பக்கமும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத சில பிள்ளைகள், எழுதிக் கேட்கலாம் என்றதும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இதை நான் பேசிப் பார்த்த ஆசிரியர்கள் ஆச்சரியத்தோடு சொன்னார்கள்.

லேபுக்குத்தான் மாற்று கிடைக்கவில்லை. பியூரெட்டில் ஒரு சொட்டு கூடிப்போனால் இளஞ்சிவப்பு அடர்ந்துவிடும். திரும்ப முதலில் இருந்து செய்யணும். கணினியில் செய்யும் பரிசோதனையில் கை நடுங்காது, கண் தவறாது, விடை எப்போதும் சரியாகவே வரும். அந்த வருடங்களில் படித்த இளைஞர்கள் நான் வேலை பார்க்கும் இடத்தில் சேர்ந்தபோது கணக்கில் புலிகளாக இருந்தார்கள். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்ததும் தயங்கினார்கள். பழக ஆறு மாதம் பிடித்தது.

பட்டப்படிப்பில் இணையப் பாடங்களுக்கு 20 சதவீதமாக இருந்த வரம்பை மானியக் குழு 2021-ல் 40 சதவீதமாக உயர்த்தியது. எனவே இது முடிந்துபோன கதை அல்ல. நம் கல்லூரியின் கணினி அறையும் ஆய்வுக்கூடமும் சனி, ஞாயிறிலும் திறந்திருக்க வேண்டும். அதற்கான ஆள் செலவை நம் சங்கம் ஏற்கலாமா என்று பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். நண்பர்கள் தவறாமல் வாருங்கள்.