பன்னீர் சோடாவின் பூர்வீகம்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாண வீட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்ததும் பன்னீர் சோடாவைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஏப்பம் வந்தால்தான் சாப்பாடு முடிந்ததாகக் கணக்கு. அந்த ஏப்பத்துக்குக் காரணமான கரியமில வாயு பாட்டிலுக்குள் வந்த கதையில் கள்ளும் இருக்கிறது, பீரும் இருக்கிறது, மீன் பிடிக்கப் போன ஒரு பாதிரியாரும் இருக்கிறார்.

வாயு உண்டாவது பெரிய வித்தையல்ல. பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் வீட்டுக் கள்ளின் செய்முறையைக் கிட்டத்தட்ட சமையல் குறிப்பாகவே தருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட வேண்டும். பார்லி முளையில் பீர் செய்கிறவர்களுக்கு இது அந்நியமாகவே இராது. இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான், பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடைக் கொடிகளையும் காட்டுகிறார். மலைநாட்டார் மூங்கில் குழாய்க்குள் தேறலை விளையவைத்த செய்தி மலைபடுகடாத்தில் வருகிறது. பொங்கிய வாயு என்னவோ சாடியில் தங்கவில்லை, காற்றோடு போயிற்று. ஆகவே சோடாவின் வரலாறு என்பது என் கணக்கில் மூடியின் வரலாறுதான்.

முதல் திருப்பம் ஒரு மறதி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் தலைமைக் குரு அலெக்சாண்டர் நோவல் தூண்டில் பிரியர். 16ஆம் நூற்றாண்டில் ஒருநாள் ஆற்றங்கரைப் புல்லில் ஏல் என்ற பீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போனாராம். சில நாள் கழித்துத் திறந்தபோது துப்பாக்கி போல வெடித்ததாம். இதை எழுதி வைத்தவர் தாமஸ் ஃபுல்லர். நூல் வெளிவந்தது 1662இல். கதையில் எவ்வளவு உப்புக் காரம் என்பது ஃபுல்லருக்கே வெளிச்சம். ஆனால் அதே 1662இல் கிறிஸ்டோபர் மெரெட் என்ற மருத்துவர், ஒயினில் சர்க்கரை சேர்த்தால் நுரை துள்ளும் என்று லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் பீர் செய்கிறவர்கள் இன்றும் செய்வது அதைத்தான். பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை போட்டு, இறுக மூடி, இரண்டு மூன்று வாரம் காத்திருப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். போக வழியில்லாத வாயு பீரில் கரையும். சர்க்கரை கூடிப்போனால் பாட்டிலே வெடிக்கும். நம்மூரில் யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது.

இந்தக் காத்திருப்பை ஒழித்தவரும் பீர்ப்பட்டறைக்கு அண்டை வீட்டுக்காரர்தான். 1767இல் லீட்ஸ் நகரில் குடியேறிய ஜோசப் பிரீஸ்ட்லி, பக்கத்துப் பட்டறையில் நுரைக்கும் தொட்டிகளுக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஆற்றினார். தண்ணீரில் சுரீரென்று ஒரு ருசி ஏறியது. 1772இல் செய்முறையைச் சிறுநூலாகப் போட்டார். கேப்டன் குக்கின் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வராமல் காக்கும் என்றும் நம்பினார். காக்கவில்லை. காசு பார்த்தவர் வேறொருவர். ஜெனீவாவில் 1783இல் சோடா வியாபாரம் தொடங்கி, 1792இல் லண்டனுக்குக் கடை மாற்றிய யாக்கோப் ஷ்வெப்.

மூடி மட்டும் மசியவில்லை. கார்க் காய்ந்து சுருங்கினால் வாயு ஓடிவிடும். காயாமலிருக்க, நிற்கவே முடியாத முட்டை வடிவப் பாட்டில் செய்து படுக்கவைத்தார்கள். 1870களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் அந்த வாயுவையே காவல் வைத்தார். கழுத்தில் ஒரு கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பினால், உள்ளழுத்தம் கோலியை வளையத்தோடு அமுக்கிப் பூட்டிவிடும். இங்கிலாந்துச் சிறுவர்கள் கோலிக்காகவே பாட்டிலை உடைத்தார்கள். கோபே துறைமுகத்தில் 1884இல் அலெக்சாண்டர் கேமரன் சிம் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி தொடங்கிய சோடா வியாபாரம், கோலி பாட்டிலில் வரும் ஜப்பானின் ராமுனே ஆயிற்று.

1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டுபிடித்ததும் மேற்கே கோலிக்கு மவுசு போயிற்று. நம்மூரிலோ பிழைத்தது. காரணம் சிக்கனம். கழுவி நிரப்பினால் போதும், புது மூடி வாங்க வேண்டியதில்லை. ஒரு வாயு சிலிண்டர், கையால் சுழற்றும் ஒரு இயந்திரம், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் தெருக்கோடியில் கம்பெனி ரெடி. வாரக்கணக்கில் ஈஸ்ட் செய்கிற வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். பன்னீர் எசென்ஸும் சர்க்கரையும் சேர்ந்தால் பன்னீர் சோடா.

கோக் 1977இல் நாட்டை விட்டுப் போனது, 1993இல் திரும்பி வந்தது. திரும்பியபோது சின்ன சோடாக் கம்பெனிகள் பல நொடித்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சியை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது உள்ளூர் சோடாவுக்கு மறுபடி கொஞ்சம் மரியாதை. 2025இல் இந்தியக் கோலி சோடா, ஏற்றுமதிச் சரக்காக வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும், காட் பிறந்த இங்கிலாந்துக்குமே கப்பலேறியது.

குடிக்கும்போது கோலி வழியை அடைக்கிறதா? பாட்டில் கழுத்தில் உள்ள பள்ளம் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பிச் சாயுங்கள். கோலி அதில் உட்கார்ந்துகொள்ளும்.