அலுவலகத்தில் ரேக் சர்வர்: வெள்ளம், சூடு, மின்வெட்டிலிருந்து தரவைக் காப்பது எப்படி?

2021 டிசம்பர் 18. விடாமல் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. மேசை, நாற்காலி நனைந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தரைத் தளத்தில் இருந்த சர்வர் நனைந்தால்? வணிகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது மலேசிய வருமான வரிச் சட்டம். "தண்ணியில போயிடுச்சு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ரேக் சர்வர் என்றால் என்ன?

அலமாரித் தட்டுபோல அடுக்கி வைக்கும் தட்டையான கணினிதான் ரேக் சர்வர். ரேக்கின் அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். 1யு என்பது 1.75 அங்குலம். முழு ரேக் பெரும்பாலும் 42யு இருக்கும். சின்ன அலுவலகத்துக்கு அதில் பாதியே தாராளம்.

எங்கே வைப்பது?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைவரிசைகளில் மாடி இருந்தால் மாடிதான் முதல் தேர்வு. தரைத் தளம்தான் வழி என்றால், ரேக்கின் கீழ்த்தட்டுகளைக் காலியாக விடுங்கள். பொதுவாகக் கனமான யுபிஎஸ்ஸைக் கீழே வைப்பார்கள், ரேக் சாயாமல் இருக்க. தண்ணீர் ஏறும் இடத்தில் அது கூடாது. ரேக்கைச் சுவரோடும் தரையோடும் இறுக்கிவிட்டு, யுபிஎஸ்ஸைச் சற்று மேலே ஏற்றுங்கள். ஏர்கான் சொட்டும் இடத்துக்குக் கீழேயும் வேண்டாம்.

சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக வெளியேற்றும். எனவே பின்னால் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. பல அலுவலகங்களில் நடக்கும் தவறு இதுதான்: மாலை ஏர்கானை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. தீபாவளி விடுமுறை முழுக்க சர்வர் மட்டும் மூடிய அறையில் வெந்துகொண்டிருக்கும்.

மின்சாரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. 1996 ஆகஸ்ட் 3-இல் தீபகற்பம் முழுவதுமே இருளில் மூழ்கியது. அவ்வளவு பெரிய மின்வெட்டு அரிது. ஆனால் ஒரு நொடி மின்தடைகூட எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைக் கெடுத்துவிடலாம். யுபிஎஸ்ஸின் வேலை சர்வரை மணிக்கணக்கில் ஓட்டுவது அல்ல, ஒழுங்காக அணைய நேரம் தருவது. அதன் பேட்டரியைப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும்.

'ரெய்ட் இருக்கே, பேக்கப் எதுக்கு?'

ரெய்ட் 1 முறையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். ஆனால் கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒரே பெட்டியில்தான் நனையும். அதனால் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பதே பழகிய விதி. அந்த வேறு இடம் கிளவுடாக இருக்கலாம், சைபர்ஜெயா தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த இடமாகவும் இருக்கலாம்.

சர்வர் படுத்துவிட்டால்?

• முதலில் மின்சாரம்: பிளக், யுபிஎஸ், பவர் சப்ளை விளக்குகள்.
• அடுத்து நெட்வொர்க் கேபிள். பல சமயம் சர்வர் நன்றாக இருக்கும், சுவிட்ச்தான் செத்திருக்கும்.
• திரையில் ஒன்றும் வரவில்லையா? பல ரேக் சர்வர்களில் தனி மேலாண்மை போர்ட் உண்டு. இயங்குதளம் நின்றாலும், மின்சாரம் இருந்தால் அதன் வழியாகப் பிழைப் பதிவைப் பார்க்கலாம்.
• டிஸ்க் விளக்கு மஞ்சளாக எரிந்தால், எண்ணைச் சரிபார்த்த பிறகே கழற்றுங்கள். நல்ல டிஸ்க்கை உருவினால் கதை முடிந்தது.
• ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். செய்ததை எழுதி வையுங்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டால், ஈரத்தில் நின்று எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியான பிறகே அருகில் போங்கள். "ஓடுதா பார்ப்போம்" என்று நனைந்த சர்வரை முடுக்கவும் வேண்டாம். டிஸ்க்குகளை வரிசை எண்ணோடு கழற்றி, திறக்காமல், ஹேர் டிரையர் பிடிக்காமல், தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த வாரம் உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், உங்களிடம் பேக்கப் இல்லை என்றுதான் அர்த்தம்.