புட் அப் வித்: ஆங்கில வினைச்சொற்களுக்கு வரைபடம் போட்டவர்கள்

'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் கூட. மூன்றையும் சேர்த்தால் 'கூட மேலே வை' என்றுதான் வரவேண்டும். ஆனால் 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்! ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த எல்லாரும் இந்த இடத்தில் ஒரு தடவையாவது முழித்திருப்போம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 'வான்ட்' பின்னால் 'டு கோ' வரும். 'கேன்' பின்னால் வெறும் 'கோ'. 'என்ஜாய்' பின்னால் 'கோயிங்' மட்டும்தான். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் 'டு' இருக்கிறதே என்று 'மீட்' போட்டால் தப்பு, 'மீட்டிங்' போடணும். ஏன் என்று கேட்டால் நம் வகுப்புகளில் வழக்கமாகக் கிடைத்த பதில்: "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு."

அந்த 'அப்படித்தான்' பின்னால் ஆயிரம் வருஷக் கதை இருக்கு. இந்தக் கூட்டணிகளை முறையாக வரிசைப்படுத்தியது யார் என்று தேடிப்போனால், இங்கிலாந்தை விட்டுவிட்டு டோக்கியோவில் போய் நிற்க வேண்டியிருக்கு.

முதலில் மொழியின் கதை. பழைய ஆங்கிலத்தில் 'மேலே', 'எதிராக' போன்ற சின்னச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. 'ஓவர்கம்', 'வித்ஸ்டாண்ட்', 'அண்டர்ஸ்டாண்ட்' எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். 'வித்ஸ்டாண்ட்' என்பதில் உள்ள 'வித்' துக்குப் பழைய பொருள் 'எதிராக'. பிறகு வந்த நூற்றாண்டுகளில் இந்தச் சொற்கள் வினைக்குப் பின்னால் நகர்ந்தன. 'கோ ஆன்', 'கிவ் அப்', 'புட் அவுட்' போன்றவை பெருகின.

1066-ல் நார்மானியர்கள் வந்தார்கள். பிரெஞ்சுச் சொற்களும், தொடர்ந்து லத்தீன் சொற்களும் குவிந்தன. அதனால் ஆங்கிலத்துக்கு இரண்டு மாடி. மேல்மாடியில் 'கன்டின்யூ', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்குவிஷ்'. கீழ்மாடியில் அதே பொருளுக்கு 'கோ ஆன்', 'புட் அப் வித்', 'புட் அவுட்'. அலுவலகக் கடிதம் மேல்மாடியில் எழுதப்படும், வீட்டுப் பேச்சு கீழ்மாடியில் நடக்கும். புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் படித்தவர் ஆங்கிலப் படத்தில் பாதி வசனத்தைத் தவறவிடுவதற்கு உச்சரிப்பு மட்டும் காரணமில்லை. நமக்கு மேல்மாடிச் சாவியைத்தான் கொடுத்திருக்காங்க.

'டு' வின் கதையும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'பாடு' என்ற வினையின் எச்சவடிவம் 'சிங்கன்'. அந்த 'அன்' விகுதியே எச்சம் என்பதைக் காட்டிவிடும். 'டு' என்பது 'நோக்கி' என்ற பொருளுள்ள சாதாரண முன்னிடைச்சொல். நோக்கத்தைச் சொல்லும்போது எச்சத்தின் முன்னால் வந்தது. காலப்போக்கில் விகுதி தேய்ந்து போச்சு. அடையாளம் காட்டும் வேலை 'டு' வுக்கு வந்தது. 'கேன்', 'மே', 'ஷல்' போன்றவை அதற்கு முன்பிருந்தே வெறும் எச்சத்தோடு பழகியவை, அதனால் அவற்றுக்கு இன்றும் 'டு' கிடையாது. 'லுக் ஃபார்வர்ட் டு' வில் இருப்பதோ பழைய முன்னிடைச்சொல்லேதான். அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வரவேண்டும், அதனால்தான் 'மீட்டிங்'. பார்க்க ஒரே 'டு', வேலை இரண்டு.

சரி, இதையெல்லாம் ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருப்பார்களே? எழுதினார்கள், ஆனால் வேறு விஷயத்தை. 1672-ல் ஜான் டிரைடன், வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிப்பதைப் பென் ஜான்சனின் குறையாகச் சொன்னார். பின்னாளில் தன் சொந்த நூலின் மறுபதிப்பிலேயே அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடித் திருத்தினார். 1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் கொஞ்சம் தளர்த்தினார்: பேச்சுக்கு இது பொருந்தும், உயர்ந்த நடைக்கு வேண்டாம் என்றார். 1864-ல் ஹென்றி ஆல்ஃபர்ட், 'டு' வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல்லை நுழைக்காதே என்றார். இவையெல்லாம் ஏற்கெனவே ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களுக்குச் சொன்ன 'செய்யாதே' க்கள். 'சஜெஸ்ட்' பின்னால் 'ஹிம் டு கோ' வருமா என்ற நம் கேள்விக்கு இதில் பதில் கிடையாது. அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது.

இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம்மையே எடுத்துக்கொள்வோம். 'சாப்பிட்டான்', 'சாப்பிட்டுவிட்டான்', 'சாப்பிட்டுக்கொண்டான்', 'சாப்பிட்டுத் தொலைத்தான்' - நாலுக்கும் வித்தியாசம் நம் வீட்டு ஐந்து வயசுக் குழந்தைக்குத் தெரியும். தமிழ் படிக்க வந்த ஒரு ஜப்பானியருக்கு 'கொள்' எங்கே வரும், எங்கே வராது என்று விதி எழுதிக் கொடுங்கள் என்றால் நாம் திணறுவோம். தாய்மொழிக்காரருக்குத் தெரியும், ஆனால் தெரிவதே தெரியாது.

விதிவிலக்காக ஒருவர் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வந்த தன் அகராதியின் முன்னுரையில், வினையோடு சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்குதான் அந்நியருக்கு மிகப்பெரிய சிரமம் என்று எழுதினார். அவர்களுக்காகவே அவற்றைக் கவனமாகத் திரட்டியதாகவும் சொன்னார். 'டேக்' என்ற ஒரே சொல்லுக்கு 130-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொடுத்தார். ஆனாலும் இந்த வகைக்கு இன்று நாம் சொல்லும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை அச்சில் பரப்பியது 1925-ல் வந்த லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல். பெயரை யோசித்துக் கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி. ஜான்சனுக்கும் பெயருக்கும் நடுவில் 170 வருஷம்!

1930-ல் சி. கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' கொண்டுவந்தார். மொத்தம் 850 சொல், அதில் வினை 18 மட்டுமே. உலகமே சுலபமாகக் கற்கலாம் என்றார். சர்ச்சில்கூட 1943-ல் ஆதரித்துப் பேசினார். சூட்சுமம் எங்கே? 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். 'சரண்டர்' வேண்டாம், 'கிவ் அப்' போதும். சொல்லை எண்ணினார், சேர்க்கையை எண்ணவில்லை. ஆங்கிலேயருக்கு எளிதாகத் தெரிந்த அதே கீழ்மாடிதான் அந்நியருக்கு மிகக் கடினம் என்று ஜான்சன் சொன்னது மறந்து போச்சு.

இதே காலத்தில்தான் டோக்கியோ. 1922-ல் ஜப்பானுக்குப் போன ஹெரால்டு பால்மர், அடுத்த வருஷம் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1924-ல் ஆசிரியராகப் போன ஏ. எஸ். ஹார்ன்பி பின்பு அவரோடு சேர்ந்தார். வகுப்பில் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைத் தினமும் பார்த்தவர்கள் இவர்கள். ஒரு வினைக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்பதை ஹார்ன்பி 25 அமைப்புகளாக வகுத்து, அகராதியில் வினைகளுக்குப் பக்கத்தில் அமைப்பு எண்ணைப் போட்டார். நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு வினையும் ஒரு ஃபங்ஷன். அது எந்தெந்த பாராமீட்டரை ஏற்கும் என்ற சிக்னேச்சரை எழுதிக் கொடுத்துவிட்டார். போர் மூண்டு அவர் தடுத்து வைக்கப்பட்டார், பிறகு நாடு திரும்பினார். அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பு செய்தது. இன்று உலகெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுதான்.

நம்மூருக்கும் இந்த அலை வந்தது. 1960-ஐ ஒட்டி, வாக்கிய அமைப்புகளை அடிப்படையாக வைத்துக் கற்பிக்க, சென்னை மாநிலத்தில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் முயற்சி நடந்தது. ஒருவர் பலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று பெருகும் அந்த முறைக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர். ஆனால் அமைப்பு வெறும் ஒப்பித்தலாகும்போது, மனப்பாடத்துக்கு இன்னொரு பட்டியல் சேர்கிறது, அவ்வளவுதான்.

'டிஸ்கஸ் அபௌட்', 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொல்லும் நம் பையனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அவன் தமிழின் 'அதைப் பற்றி', 'எனக்கு விளக்கு' என்ற சிக்னேச்சரை ஆங்கில வினைக்குப் போட்டுப் பார்க்கிறான். அது முட்டாள்தனம் இல்லை, தர்க்கம். அவனுக்குத் தேவை திட்டு இல்லை, வரைபடம். அடுத்த தடவை அகராதியில் ஒரு வினையைப் பார்க்கும்போது பொருளோடு மூடிவிடாமல், அதற்குப் பின்னால் என்ன வரும் என்று போட்டிருப்பதையும் ஒரு வரி படித்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் டோக்கியோ வகுப்பறைகளின் பல வருஷ உழைப்பு இருக்கு.